தாழிக்காரிக்கு அடுத்த பல்

அடையாறில் ஆற்றை ஒட்டிய ஒரு சந்துக்குள், பழைய பங்களா ஒன்றில் அந்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. நான் அதன் வாட்ச்மேன். அங்கே உயிரோடு இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறார்கள். எங்கே மண்ணைத் தோண்டி மனித எலும்பு கிடைத்தாலும் கொஞ்ச நாளில் என் கேட்டைத் தாண்டித்தான் உள்ளே போகும்.

பாஞ்சாலி அங்கே வேலைக்காரி. அவளைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. எழுதினாலும் தப்பாக எழுதுவார்கள். அதனால்தான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும்.

ஐம்பதைத் தாண்டியவள். ஒடிசல். வாய் மட்டும் பெரிசு. மந்தைவெளிக்குப் பின்னால் ஆற்றோரக் குடிசையில் வளர்ந்தவள். புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து போய்விட்டான். மகளை வியாசர்பாடியில் கட்டிக் கொடுத்துவிட்டாள். பெருவெள்ளத்துக்குப் பிறகு குடிசைகளை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கே அவளும் அவள் அம்மா கன்னியம்மாவும்தான். கிழவிக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் என்னைத்தான் முதலில் வம்புக்கு இழுப்பாள்.

"பேரு சின்னப்பையன். மூஞ்சப் பாரு, பெட்டிக்குள்ள கீறவங்கோ கூட உன்னவிட எளசா கீறாங்கோ நைனா."

முதலில் தரை துடைக்கத்தான் வந்தாள். எலும்புகளைக் கழுவும் வேலையைக் கொடுத்தது சாருலதா மேடம். அவர்தான் அங்கே பல்லையும் எலும்பையும் வைத்து ஆராய்ச்சி செய்கிறவர். மயிலாப்பூர்க்காரர், மாடவீதிப் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். பாஞ்சாலி சின்ன வயதில் பட்டினப்பாக்கம் கரையில் மீன் கழுவியவள். நெத்திலி கழுவுகிற கை அது. தலை உடையாமல் மண் மட்டும் போகும். படித்த பிள்ளைகள் பிரஷ்ஷை எடுத்தால் எலும்பில் கீறல் விழும், இவள் எடுத்தால் விழாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஆராய்ச்சி என்னவென்று மேடம் ஒருநாள் கார் வருகிறவரை கேட்டருகே நின்றுகொண்டு எனக்குச் சொன்னார்.

"குழந்தையா இருக்கறச்சே நீங்க குடிச்ச தண்ணி, தின்ன சோறு, இதுல எல்லாம் அந்த ஊர்க் கல்லோட உப்பு கரைஞ்சிருக்கும். அது பல்லுல போய் உக்காந்துண்டா அப்புறம் மாறவே மாறாது. எலும்பு அப்படி இல்ல, பழசு போய் புதுசு வந்துண்டே இருக்கும். பல்லு நீங்க வளர்ந்த ஊரைச் சொல்லும். எலும்பு கடைசியா இருந்த ஊரைச் சொல்லும்."

"அப்போ பொணம் பேசும்ன்றீங்க."

"பேசாது. நாமதான் கேட்டு வாங்கணும்" என்றார். சிரிக்கவில்லை.

பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலி நிமிர்ந்தாள். "இப்போ அல்லாரும் கேன் தண்ணிதான குடிக்கிறோம் மேடம். ஆயிரம் வருசம் கயிச்சு தோண்டுனா, அடையாறுக்காரன் எவன், தேனாம்பேட்டைக்காரன் எவன்னு எப்படிக் கண்டுபுடிப்பாங்கோ?"

"கஷ்டம்தான்."

"இன்னா கஷ்டம்? தேனாம்பேட்டைக்காரன் பல்லுல ஹாரன் சத்தம் கேக்கும்."

மேடமே சிரித்துவிட்டார்.

போன வருஷம் மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். அதில் ஒரு தாழி வந்தது. அந்தக் காலத்தில் செத்தவர்களை மடக்கி வைத்துப் புதைக்கிற பெரிய மண்பானை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலே இருக்கும் என்றார்கள். உள்ளே ஒரு பொம்பளை. குந்த வைத்தபடி இருந்தாளாம். மடியில் ஒரு சின்னக் குழந்தை. அவள் தாடையில் ஆராய்ச்சிக்கு ஆகிற மாதிரி ஒரே ஒரு கடைவாய்ப் பல்தான் மிச்சம். மற்றது எல்லாம் தேய்ந்தது, உடைந்தது.

பாஞ்சாலிக்கு அவளைக் கண்டதும் ஒரே குஷி. "நம்ம ஏரியாக்காரி மேடம் இவ. மந்தவெளி. என் பக்கத்து ஊட்டுக்காரி."

அப்போதிலிருந்துதான் எனக்குச் சரியாகப் படவில்லை. மத்தியானம் எல்லாரும் மாடிக்குச் சாப்பிடப் போவார்கள். பாஞ்சாலி மட்டும் எலும்பு அறை வாசலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாள். ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று கூட வராத நேரம். கதவுக்கு உள்ளே பார்த்து அவள் பேசுகிற சத்தம் எனக்குக் கேட்கும். எலும்போடு பேசுவது அவளுக்குப் புதுசு இல்லை, எல்லாரோடும் பேசுவாள். ஆனால் மற்றப் பெட்டிகளிடம் பேசும்போது கடகடவென்று அவளே பேசிக்கொண்டு போவாள். தாழிக்காரியிடம் பேசும்போது கொஞ்சம் பேசிவிட்டு நிறுத்துவாள். எதிராளி பதில் சொல்கிற அளவுக்கு நேரம் விடுவாள். பிறகு "அப்பிடியா" என்பாள்.

"யாராண்ட பேசறே?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊட்டுக்காரியாண்ட."

"இன்னா சொல்றா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா. தண்ணி கேக்கறா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து ஓவென்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய பல்லை மட்டும் பார்த்தால் போதாதாம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லும் வேண்டும். அதை வைத்துத்தான் இது உள்ளூர், இது வெளியூர் என்று பிரிப்பார்கள். பல் டாக்டர்களிடம் சொல்லி வைத்து, பிடுங்கிப்போட்ட பல்லை வாங்குவார்கள். அந்தச் சமயத்தில் பாஞ்சாலிக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, மந்தைவெளி மார்க்கெட் பக்கம் பிடுங்கினாள். பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எவனெவன் பல்லோ வாங்கறியே மேடம், என் பல்லு வாணாவா? பொறந்ததுலேர்ந்து இந்த ஊரு தண்ணிதான்."

"நிச்சயமா?"

"எங்கம்மாவக் கேளு. ஆத்தங்கரையிலயே பெத்துப் போட்டா."

பல்லைப் பொடியாக்குவது ஒரு சின்னக் கல்வத்தில். வைத்தியர் மருந்து அரைக்கிற மாதிரி, ஆனால் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். ஒரு பல்லை அரைத்துப் பொடியைக் குப்பியில் போட்டதும், கல்வத்தை ஆசிட் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் கழுவி, காயவைத்து, பிறகுதான் அடுத்த பல். ஒருத்தர் பொடி இன்னொருத்தரோடு ஒட்டிக்கொண்டால் ரெண்டு பேர் கணக்கும் கெட்டது. கழுவுகிற வேலை பாஞ்சாலிக்கு. அதில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

அன்றைக்குத் தாழிக்காரியின் பல் முறை. "அவளுக்கு அடுத்து என்னுத போடு மேடம்" என்று இவளே கேட்டாள்.

மேடம் தாழிக்காரியின் பல்லை அரைக்க ஆரம்பித்ததும் பாஞ்சாலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கின இடத்தில் விண்ணென்று தெறிக்கிறதாம். கல்வம் நின்றது, வலியும் நின்றது. கழுவிக் கொடுத்தாள். அவள் பல்லை அரைத்தார்கள். அப்போது ஒன்றுமே இல்லை. இதை அவளே வாசலுக்கு வந்து சொன்னாள்.

"என் பல்லு அரைபடறப்போ சொம்மா கீது. அவ பல்லு அரைபட்டா எனக்கு வலிக்குது. இன்னா நைனா நாயம் இது?"

"ரெண்டு நாள் முன்னால புடுங்கின புண்ணு. வலிக்காம இன்னா செய்யும்?" என்றேன். சும்மா ஒரு பதில்.

பொடி வேறு ஊரில் இருக்கிற பெரிய மெஷினுக்குப் போனது. மழை ஓய்ந்து பனி தொடங்கியபோது பதில் வந்தது. தாழிக்காரி உள்ளூர்க்காரி இல்லை. கல்லும் கரடுமாக, மழை இல்லாத எங்கேயோ தூரத்தில் குழந்தையாக இருந்திருக்கிறாள். அவள் எலும்பும், மடியில் இருந்த குழந்தையின் பல்லும் மட்டும் இந்த ஊர். மேடத்துக்குச் சந்தோஷம். அதுவரை அப்படி ஒருத்தி இந்தப் பக்கம் கிடைத்ததில்லையாம்.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். பாஞ்சாலியின் பல்லும் உள்ளூர் இல்லை என்று இருந்தது. பல்லில் இருக்கிற உப்பை அளந்து மெஷின் ஒரு நம்பர் கொடுக்கும், தாழிக்காரியின் நம்பரும் இவள் நம்பரும் ஏறக்குறைய ஒன்று.

மேடம் பாஞ்சாலியைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, நான் தபாலோடு நின்றிருந்தேன்.

"கல்வத்தைச் சரியாக் கழுவினியா பாஞ்சாலி? அவ பொடி உன்னுதுல ஒட்டிண்டிருந்தா இப்படித்தான் வரும். அப்படின்னா அன்னிக்கு அரைச்சது எதையும் நம்ப முடியாது. அவளோட பல்லையும் சேர்த்துத் தள்ளிட வேண்டியதுதான். வேற பல்லும் கிடையாது."

"கயுவினேன் மேடம். கண்ணாடி மாரி கயுவினேன்."

"அப்படின்னா..." மேடம் பேனாவை மூடினார், திறந்தார். "அப்படின்னா நீ பிறந்தது இங்க இல்ல. மூணு நாலு வயசு வரைக்கும் இந்த ஊர்த் தண்ணி உன் வாயில படவே இல்ல."

பாஞ்சாலி அன்றைக்கு நேரத்தோடு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்து பிறந்து செத்துப்போனால், அடுத்து பிறக்கிற பிள்ளையை முறத்தில் போட்டு அக்கம்பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு படி தவிடு கொடுத்து அந்தப் பிள்ளையையே திரும்ப வாங்குவார்கள். இது தவிட்டுக்கு வாங்கினது, மதிப்பில்லாதது என்று எமன் விட்டுவிடுவானாம். கன்னியம்மாவுக்கு முதல் ரெண்டும் தங்கவில்லை. பாஞ்சாலியைத் தவிட்டுக்கு வாங்கினதாக ஆற்றோரம் முழுக்கத் தெரியும். 'தவுட்டுப் பாஞ்சாலி' என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று வீட்டுக்குப் போய், தாழிக்காரி பல்லும் தன் பல்லும் ஒன்றாக வந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறாள். "ஏம்மா, என்ன நெஜமாவே தவுட்டுக்கு வாங்கினியா?"

கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "எவ சொன்னா? பானைக்குள்ள கீறவ சொன்னாளா? தவுடு குடுத்தேன், வாங்கினேன். ஊரே பாத்துது. கையப் புடிச்சிக்கினு எம் பின்னாலயே நடந்து வந்தியே, மறந்துட்டியா?"

முறத்தில் போடுகிற பிள்ளை எப்படி நடந்து வரும்? பாஞ்சாலி அதைக் கேட்கவில்லை. கிழவிக்கும் சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். அதோடு வாயை மூடினவள், சோற்றுக்கும் திறக்கவில்லை.

ஒரு நாள் போனது, ரெண்டு நாள் போனது. மூன்றாம் நாள் பாஞ்சாலி என்னையும் கூப்பிட்டுக்கொண்டு போனாள், வேற்று ஆள் சொன்னாலாவது தின்னுமா என்று. எட்டாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. கிழவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தட்டில் சோறு காய்ந்திருந்தது.

"ஆயா, ஒரு வாய் துன்னு" என்றேன்.

"யாரு கையால துன்றது?" என்றாள் சுவரிடம். "எனக்கு யாரு கீறா? நாளைக்கு நான் போனா எவ வந்து மாரடிப்பா? பானைக்காரிக்குத்தான் மவ கெடச்சிட்டாளே."

பாஞ்சாலி என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து அங்கேயே மேடத்துக்கு அடித்தாள். சத்தமாக, கிழவி காதில் விழுகிற மாதிரி பேசினாள்.

"மேடம், நான்தான். பொய் சொல்ட்டேன். கல்வத்த நான் ஒயுங்கா கயுவல. அவ பொடிதான் என்னுதுல ஒட்டிக்கிச்சு. எங்கம்மாவாண்ட சொல்லு, மிஸ்டேக்குன்னு சொல்லு."

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கிழவி காதருகே வைத்தாள். பிறகு மேடத்தின் குரல். "ஆமாம்மா. தப்பா வந்துடுத்து. எங்க தப்புதான்."

கிழவி மெதுவாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பாஞ்சாலி ரசம் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். நான் பார்க்காதது மாதிரி வராந்தாவில் போய் நின்றேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு எலும்பு அறைக்குள் வேலை இல்லை. மேடம் திட்டவில்லை. "வெளி வேலை பாரு பாஞ்சாலி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. தாழிக்காரியின் பெட்டி மேல் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஊர் தெரியாது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு பாஞ்சாலிக்கு ஒரு தாகம் பிடித்தது. என் பாட்டிலைக் காலி செய்வாள், கேனிலிருந்து பிடித்துக் குடிப்பாள், குழாயில் வாய் வைப்பாள். வயிறு உப்பும், தாகம் போகாது. "இது இல்ல" என்பாள். "எது இல்ல?" என்றால் யோசிப்பாள். "கல்லு வாசன வரும். கொஞ்சம் தடிப்பா, நாக்குல ஒட்டற மாரி. குடிச்சிக்கீறேன் அத்த. எங்கன்னு தெர்ல."

அதே வாரம் உள்ளே ஒரு ரகளை. தாழிக்காரியின் பெட்டிக்குள் விரித்திருந்த காகிதம் நனைந்திருந்தது. எலும்பு எதுவும் நனையவில்லை, தாடைக்கு அடியில் மட்டும், தூங்குகிறவள் வாயிலிருந்து எச்சில் ஒழுகின மாதிரி வட்டமாக ஈரம். ஏசி ஒழுகுகிறது என்றார் மேடம். மெக்கானிக் அக்பர் பாஷா வந்தார். ஏணி போட்டு எல்லாம் கழற்றிப் பார்த்தார்.

"ஏசில ஒரு சொட்டு இல்ல மேடம்."

காகிதத்தை மாற்றினார்கள். மறுநாள் மத்தியானம் மறுபடியும் ஈரம். மேடம் வெளுத்த முகத்தோடு வெளியே வந்து, மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். கேட்க என்ன இருக்கிறது? அவள்தான் அந்த அறைப் பக்கமே போவதில்லையே.

பாஞ்சாலி துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் பொய் சொன்னதுல அவ ஊரும் பூட்சு நைனா."

"செத்து மண்ணானவளுக்கு ஊரு எதுக்கு?"

"அப்பிடிச் சொல்லாத. அவளும் யார் கையவோ புடிச்சிக்கினு நடந்து வந்துக்கீறா. எத்தினி வயசுல வந்தாளோ. இங்க வந்து புள்ள பெத்து, அதோடவே பூட்டா. அவ எங்கேர்ந்து வந்தான்னு சொல்றதுக்கு ஒரே ஒரு பல்லு. அத்தயும் நான் கெட்த்துட்டேன்."

"போய் நெசத்தச் சொல்லிடு."

"சொன்னா எங்கம்மா?" என்றாள். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

ரெண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது வலது கன்னம் வீங்கியிருந்தது. நேராக மேடத்தின் அறைக்குள் போய் மேஜை மேல் ஒரு பஞ்சுச் சுருளை வைத்தாள். அன்றும் எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் உண்டாக்கிக்கொண்டிருப்பேன்.

"என்ன இது?" மேடம் பஞ்சைப் பிரித்தார். ரத்தம் காயாத கடைவாய்ப் பல். சொத்தை இல்லை. நல்ல பல்.

"முன்ன குடுத்தேனே, அதோட ஜோடி. அந்தப் பக்கத்துது. வலிக்குதுன்னு சொல்லிப் புடுங்கிக்கினேன்."

"பைத்தியமா நீ? நல்ல பல்லைப் போய்..."

"புது கல்வம் வாங்கு மேடம். நீயே கயுவு, என்னத் தொட விடாத. அதே நம்பரு வந்தா, நான் அன்னிக்கு ஒயுங்காத்தான் கயுவினேன்னு அர்த்தம். அவ நம்பரு அவளுது. அந்தச் செவப்புக் காயிதத்தப் பிச்சிடு."

மேடம் பல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வந்தா, உனக்கு..."

"எனக்குச் சொல்லாத. எங்கம்மாவுக்கும் சொல்லாத. மிஸ்டேக்குன்னு சொன்னியே, அது அப்பிடியே இருக்கட்டும். அவளுக்கு மட்டும் எயுதிக்கோ. என்னாண்ட ஒரு வார்த்த வாணாம். சத்தியம் பண்ணு."

மேடம் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். மயிலாப்பூர் மேடம் அப்படிச் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பொடி போனது. பாஞ்சாலி எப்போதும்போல வந்தாள், பெருக்கினாள், என் மூஞ்சியைக் கேலி செய்தாள். கன்னியம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது, பக்கத்து பிளாக் பொம்பளைகளோடு சண்டைகூடப் போடுகிறாள் என்று சொன்னாள். ரெண்டு பக்கமும் பல் இல்லாததால் சோற்றை முன்பல்லால் அரைத்துத் தின்பாள். பதில் எப்போது வரும் என்று நான் கேட்டதில்லை, அவளும் பேசியதில்லை.

மாசி மாசத்தில் ஒரு காலை. மரத்தடியில் இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். மேடம் படியிறங்கி வந்தார். எதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர், எதுவும் சொல்லவும் இல்லை. அந்த அம்மாளுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது. நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"பாஞ்சாலி, புதுப் பெட்டி வந்திருக்கு. நாளையிலேர்ந்து நீ பழையபடி உள்ள வந்துடு. கழுவறதெல்லாம் நீதான்."

பாஞ்சாலி குனிந்தவள் நிமிரவில்லை. "வேற ஆளு வெச்சிக்கோயேன் மேடம்."

"வேற யார் கையையும் நம்ப முடியாது. நீதான் வேணும்."

மேடம் போய்விட்டார். பாஞ்சாலி குவித்த இலைகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"கேட்டியா நைனா" என்றாள். "சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். கயுவக் கூப்ட்டே சொல்லிட்டா."

இடுப்பிலிருந்து போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். "அம்மா, நான்தான். துன்ட்டியா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் கிழவி என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்பிடியா" என்றாள்.